நாற்பதைக் கடந்த பெண்களுக்கான எடைக்குறைப்புத் திட்டம்: வேலூர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் மதிப்பீடு

வேலூரில் பெண்களுக்கென்றே நடத்தப்படும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் அதற்குப் பின்னும் உடல் எடையோடு போராடும் பெண்களுக்காகத் தனியாக ஒரு மூன்று மாதத் திட்டத்தை நடத்தி வருகிறது. கட்டணம் செலுத்திச் சேர்ந்து, திட்டத்தை முழுமையாக முடித்தவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கூடத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். சத்துவாச்சாரியிலோ, காட்பாடி காந்தி நகரிலோ, பாகாயத்திலோ நீங்கள் விசாரிக்கும் எந்தக் கூடத்திலும் இதே போன்ற துண்டுப்பிரசுரமும், இதே போன்ற எடை இயந்திரமும், இதே போன்ற புரதப் பொடி டப்பாக்களும் இருக்கக்கூடும் என்பதால், எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் படிப்பவருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே தரப்படும் எடைதூக்கும் பயிற்சி கொடுத்த பணத்துக்கு மேல் மதிப்புள்ளது, உணவுத் திட்டம் நம் ஊர் அடுப்பங்கரையை அறியாதவர் எழுதியது, விற்பனை முறை கண்டிக்கத்தக்கது.

எனக்கு வயது 52. மாதவிடாய் 49 வயதில் நின்றது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. திட்டத்தில் சேரும்போது உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதும், உடல் நிறை எண் (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) நமக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பதும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவுகள். நான் மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 30.9 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு 49 வயதோடு நின்றுவிடுவதால், மாதவிடாய் நின்ற பெண்களில் பெரும்பாலோர் அதற்குள் வருவதே இல்லை என்பதைக் கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் குறித்து வைக்கிறேன்.

கூடத்தின் துண்டுப்பிரசுரம், ஹார்மோனைச் சமன்செய்து 90 நாளில் 10 கிலோ குறைக்கலாம் என்கிறது. இந்தப் பருவத்தில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பை, உடற்பயிற்சியாலோ உணவாலோ மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கடைசி மாதவிடாய்க்குப் பின் 12 மாதங்கள் தொடர்ந்து வராமல் இருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது என்பது மருத்துவ வரையறை. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதிலும், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலும் நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தத்தளித்து, பிறகு தாழ்ந்த அளவில் நிலைத்துவிடுகிறது. அதைச் சமன்செய்வதாகச் சொல்லும் பயிற்சியாளர் எவரும், தாம் எந்த ஹார்மோனை எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குக் கொண்டுவருவார் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். நான் கேட்டேன். மேலாளர், "அதெல்லாம் நேச்சுரலா நடக்கும் மேடம்" என்றார்.

இந்தப் பருவத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் இத்தகைய திட்டங்களில் எது சரக்கு, எது சுண்ணாம்புப் பூச்சு என்று பிரித்தறிய முடியும். 1996இல் அமெரிக்காவில் ஏழு மையங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு தொடங்கிய 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வு, நடுவயதுப் பெண்களின் உடலை ஆண்டுதோறும் அளந்து பார்த்தது. மாதவிடாய் நிற்கும் பருவம் தொடங்கியதும் உடலில் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காவதும், அதே காலத்தில் தசையின் அளவு குறையத் தொடங்குவதும், இந்த இரண்டு மாற்றங்களும் கடைசி மாதவிடாய்க்குப் பின் சுமார் இரண்டு ஆண்டுகள் வரை நீடித்துப் பிறகு நிலைபெறுவதும் அதில் தெரியவந்தது. வியப்பு என்னவென்றால், எடை இயந்திரத்தில் காட்டும் மொத்த எடை இந்தப் பருவத்தில் திடீரென்று பாய்ந்து ஏறவில்லை. முன்பிருந்த அதே மெதுவான வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தது. கொழுப்பு ஏற ஏறத் தசை இறங்கியதால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. எடை அவ்வளவாக ஏறாமலேயே பழைய ரவிக்கைகளும் பாவாடை நாடாவும் போதாமற்போவதன் காரணம் இதுதான்.

வயதானால் உடலின் எரியும் திறன் குறைந்துவிடும், அதனால் எடை ஏறுகிறது என்று கூடத்தின் அறிமுக வகுப்பில் சொன்னார்கள். இதுவும் முழு உண்மை அன்று. 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும், 60க்குப் பிறகே மெல்லக் குறையத் தொடங்குவதையும் காட்டியது. ஆக, ஐம்பது வயதுப் பெண்ணுக்கு உள்ள சிக்கல் அணைந்துபோன அடுப்பு அன்று. தசை இழப்பு, இரவில் வியர்த்து விழித்துக்கொள்வதால் கெடும் தூக்கம், அதனால் மறுநாள் கூடும் பசி, மூட்டு வலியால் குறையும் நடமாட்டம், பிள்ளைகளின் திருமணமும் வயதான மாமியாரின் கவனிப்பும் அலுவலகமும் சேர்ந்து தின்னும் நேரம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து செய்யும் வேலை அது. இவற்றில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் நேரடியாகச் சரிசெய்யக்கூடியது தசை ஒன்றைத்தான். அந்த ஒன்றை இந்தக் கூடம் நன்றாகவே செய்கிறது என்பதால்தான் மற்ற குறைகள் மேலும் உறுத்துகின்றன.

சேர்க்கை நாளில் நிரப்பச் சொன்ன படிவம் அரைப் பக்கம். பெயர், கைபேசி எண், எத்தனை கிலோ குறைக்க விரும்புகிறீர்கள், பணம் எப்படிச் செலுத்துகிறீர்கள். ரத்த அழுத்தம் கேட்கவில்லை, முழங்கால் கேட்கவில்லை, கர்ப்பப்பை அகற்றப்பட்டதா, எலும்பு முறிந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. இந்த வயதில் எடை ஏறிக்கொண்டே போகும் பெண்ணுக்குத் தைராய்டுச் சுரப்பு குறைவாக இருக்கக்கூடும், டி.எஸ்.எச். என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வேலூர் மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையைத் தேடி நாடெங்கிலுமிருந்து மக்கள் ரயில் ஏறி வரும் நகரத்தில், பக்கத்துத் தெருவில் இருப்பவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றாதது விந்தை. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு துளி ரத்தப்போக்கு இருந்தாலும் உடற்பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தப் படிவம் கேட்டிருக்க வேண்டும். உடற்பருமன் உள்ள பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

படிவம் முடிந்ததும் வெறுங்காலோடு ஓர் இயந்திரத்தின் மேல் நிற்க வைத்தார்கள். கைப்பிடியைப் பிடித்தால் சில நொடிகளில் ஒரு தாள் வந்துவிடும். அதில் கொழுப்பு சதவீதம், தசை, நீர், எலும்பு, 'உடல் வயது' என்று வரிசையாக எண்கள் இருந்தன. எனக்கு உடல் வயது 67 என்று அச்சாகியிருந்தது; அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டிய பிறகுதான் கட்டண விவரத்தை எடுத்தார்கள். இந்த இயந்திரம் மிகச் சிறிய மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை அளந்து, அதிலிருந்து கொழுப்பையும் தசையையும் கணக்கிட்டுச் சொல்கிறது. உடலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண்கள் மாறும். மே மாதத்து வேலூர் வெயிலில் நடந்துவந்து ஏறியதும் வரும் எண்ணும், காலையில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க மாட்டா. ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்து பல வாரப் போக்கைப் பார்ப்பதற்கு அது உதவும். ஒரு நாளின் தாளை வைத்துப் பயமுறுத்துவதற்கு உதவக்கூடாது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தையற்காரரின் டேப், தொப்புளைச் சுற்றி ஒழுங்காகப் பிடித்து அளந்தால், இந்தப் பருவத்துப் பெண்ணுக்கு அதைவிட நம்பகமான செய்தியைச் சொல்லும். அந்த டேப்பை மூன்று மாதத்தில் அவர்கள் ஒருமுறையும் கையில் எடுக்கவில்லை. நானே வீட்டில் அளந்துகொண்டேன்.

இனி, பயிற்சியைப் பற்றி. வாரத்துக்கு மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பயிற்சி தரும் பெண்ணுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும், உடற்கல்வி படித்தவர். எங்கள் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம்: ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஆசிரியைகள், வேலூரிலேயே உள்ள சைதாப்பேட்டையிலிருந்து மகளோடு வரும் ஓர் இல்லத்தரசி, மண்டி வீதியில் கணவரோடு கடையைப் பார்த்துக்கொள்பவர் என்று. பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு டம்பெல்லைத் தொட்டதில்லை. தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் தூக்கியவர்கள்தாம், ஆனால் அதை உடற்பயிற்சி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெண் எங்களை முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தார். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்தார். பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுத்தல், தாழ்வான படியில் ஏறி இறங்குதல், முதுகை வளைக்காமல் தரையிலிருந்து எடையைத் தூக்குதல் என்று படிப்படியாகக் கொண்டுபோனார்.

அவருடைய முறையில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததும், எந்த எடையை எத்தனை முறை தூக்கினோம் என்பதை அதில் எழுதியதும். ஒரு பயிற்சி எளிதாகிவிட்டால் அடுத்த வகுப்பில் எடை சற்றுக் கூடும். தசை வளர்வதற்கான அடிப்படை விதி இதுதான். அதே இரண்டு கிலோ டம்பெல்லை ஆண்டுக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். "மூச்சை அடக்காதீங்கம்மா, எழும்போது விடுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்; மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும் என்பதால் எங்கள் வயதில் அது முக்கியம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்காரும் ஆழத்தைக் குறைத்துக் கொடுத்தார். வலியோடு செய்யச் சொல்லவில்லை, வலிக்கிறது என்பதற்காகச் சும்மா உட்காரவும் விடவில்லை.

இந்தப் பயிற்சியால் எடை எவ்வளவு குறையும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ தசை, ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 கலோரிதான் செலவிடுகிறது. 'தசை ஏறினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்' என்று கூடத்தின் சுவரில் எழுதியிருப்பதை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்; அரைக் கரண்டி எண்ணெய்கூட அதைவிட அதிகக் கலோரி கொண்டது. தசைப் பயிற்சியின் பயன் வேறு இடங்களில் இருக்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது தசையே. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வேகமாகத் தேயும் எலும்புக்கும் அது துணை நிற்கிறது; எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாரம் இருமுறை, அரை மணி நேரம், மேற்பார்வையோடு கனமான எடைகளைத் தூக்கவைத்த 'லிஃப்ட்மோர்' என்ற ஆஸ்திரேலிய ஆய்வில் எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. உணவைக் குறைத்து எடையை இறக்கும்போது கொழுப்போடு தசையும் கரைவதையும் இந்தப் பயிற்சி குறைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சேர்த்தே கேட்கிறது. கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடக்கும் நூற்றுக்கணக்கான பெண்களில் முதல் பாதியைச் செய்பவர்கள் ஏராளம். இரண்டாம் பாதியைச் செய்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் அந்த நடையை மட்டும் நடந்தவள் நான்; என் ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது செய்தது, வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை.

கூடத்தின் வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமாக இருக்கிறது, கழிப்பறை நன்றாக இருக்கிறது, ஆண்கள் உள்ளே வருவதில்லை. குளிர்சாதனத்தை மட்டும் மின்செலவு கருதிப் பகல் வகுப்பில் நிறுத்திவிடுகிறார்கள். கழுத்திலிருந்து முகம் வரை திடீரென்று காந்தலெடுத்து வியர்த்துக் கொட்டும் பெண்களுக்காகவே நடத்தப்படும் வகுப்பில், அதுவும் அக்னி நட்சத்திரக் காலத்தில், இது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. காலை ஆறு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

உணவுத் திட்டத்துக்கு வருகிறேன். கணினியில் அச்சிட்ட இரண்டு பக்கங்கள். எல்லோருக்கும் ஒரே தாள்தான், மேலே பெயர் மட்டும் மாறியிருந்தது. காலையில் ஓட்ஸ், நடுவில் கிரீன் டீ, மதியம் கினோவா என்ற வெளிநாட்டுத் தானியமும் வேகவைத்த புரோக்கோலியும், இரவில் காய்கறி சூப். மொத்தம் ஆயிரம் கலோரிக்குச் சற்று மேல். நேதாஜி மார்க்கெட்டில் புரோக்கோலி தேடி அலைந்து, அதற்கு ஒரு வாரக் காய்கறிப் பணத்தைக் கொடுத்து, வீட்டில் மற்றவர்களுக்குச் சாம்பாரும் பொரியலும் தனியாகச் சமைத்துவிட்டு, இரவு ஏழு மணிக்குச் சூப்பைக் குடித்துவிட்டுப் படுக்கும் பெண், பதினொரு மணிக்குப் பசியில் எழுந்து டப்பாவைத் திறப்பாள். அது அவளுடைய மனவுறுதிக் குறைவு என்று பிறகு வகுப்பில் சொல்லப்படும்.

நம் சாப்பாட்டில் இந்த வயதுக்கு உள்ள உண்மையான குறை புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். நான்கு இட்லியில் எட்டுக் கிராம் அளவுக்கும், ஒரு தட்டு வெறும் சோற்றில் ஐந்தாறு கிராமுக்கும் மேல் இருக்காது. காலையில் இட்லி, மதியம் சோறும் நீர்த்த சாம்பாரும், இரவில் மறுபடி தோசை என்று போனால் அந்த 46ஐ எட்டுவதே சிரமம். கலோரி மட்டும் தாராளமாக வந்துவிடும். இதைச் சரிசெய்யக் கினோவா தேவையில்லை. வட ஆற்காட்டு மண்ணில் விளையும் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏழு கிராம் புரதம் தரும். ஆனால் 170 கலோரியும் தரும் என்பதால் கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். கொள்ளு 50 கிராமில் சுமார் 11 கிராம்; முட்டை ஒன்றில் ஆறு; ஒரு கிண்ணம் தயிரில் ஆறு. இந்தப் பக்கத்துக் கிராமங்களின் அன்றாட உணவான கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் இந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. கேழ்வரகில் புரதம் சுமார்தான், 100 கிராமில் ஏழு கிராம். ஆனால் கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 1,200 மில்லிகிராம். களி உருண்டையின் அளவைப் பாதியாக்கி, கீரையில் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் ஒரு முட்டையை வைத்தால் முடிந்தது.

பிரியாணியைப் பற்றியும் ஒரு சொல். ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பிரியாணியை வாழ்நாள் முழுவதும் தடைசெய்யும் தாள் எதுவும் நிலைக்காது. சீரகச் சம்பாச் சோற்றின் அளவைக் குறைத்துக் கறித் துண்டுகளைக் கூட்டிக் கேட்டு வாங்குவதே நடக்கக்கூடிய வழி. கத்தரிக்காய்த் தொக்கு நம் ஊர்ப் பெருமைதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காயில் குற்றமில்லை, அது மிதக்கும் எண்ணெயில்தான். வீட்டில் அதே காயைச் சுட்டுக் கடைந்து சாப்பிடலாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து பொடி விற்பனை தொடங்கியது. புரதப் பொடி ஒரு டப்பா, கொலாஜன் ஒரு டப்பா, 'கொழுப்புக் கரைப்பான்' என்ற பெயரில் கொடம்புளிச் சாறு அடங்கிய மாத்திரை ஒரு டப்பா. 2024இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறே அறிவுறுத்தியிருக்கிறது. ஒருவருக்கு அதன் தேவையை மருத்துவர் கண்டறிந்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. கொடம்புளி மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மீன் குழம்பில் போடும் இரண்டு சுளைப் புளியும், செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக நாள்தோறும் விழுங்குவதும் ஒன்றல்ல. வயிற்றில் கட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டையும் விற்றார்கள். அதனால் வெளியேறுவது வியர்வை. இரண்டு செம்புத் தண்ணீரில் திரும்பி வந்துவிடும்.

என்னை மிகவும் உறுத்தியது வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரவர் எடையைப் படமெடுத்து அதில் போட வேண்டும். குறைந்தவர்களுக்குக் கைதட்டல் சின்னம், குறையாதவர்களுக்கு மேலாளரின் கேள்வி. முதல் மாதத்தில் எல்லோருக்கும் இரண்டு மூன்று கிலோ குறைந்தது. அதில் ஒரு பகுதி, மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் வெளியேற்றும் நீர். பிறகு நின்றுவிட்டது. எடை குறைந்த உடலுக்கு ஆற்றலும் குறைவாகவே தேவைப்படும்; பசி கூடும்; நம்மை அறியாமலே நடமாட்டம் குறையும். இது எந்த வயதிலும் நடப்பது. தூக்கம் கெட்ட ஐம்பது வயதில் இன்னும் எளிதாக நடக்கும். அந்த நேரத்தில் கூடம் செய்திருக்க வேண்டியது, தூக்கத்தையும் உணவையும் பற்றி ஒவ்வொருவரிடமும் தனியே விசாரிப்பது. மாறாக, "வீட்ல ஏதாவது சீட்டிங் பண்றீங்களா மேடம்?" என்று பத்துப் பேர் பார்க்கும் குழுவில் கேட்டார்கள். வகுப்பில் மிக நன்றாக எடை தூக்கிய ஒருவர் அந்தக் கேள்விக்குப் பிறகு வரவே இல்லை. பயிற்சியாளர் பெண்ணுக்கும் அது பிடிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்தக் குழு அவர் கையில் இல்லை.

மூன்று மாத முடிவில் என் எடை 68 கிலோ. துண்டுப்பிரசுரத்தின் கணக்குப்படி நான் தோற்றவள். வயிற்றுச் சுற்றளவு 96இலிருந்து 90க்கு இறங்கியிருந்தது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறது. அரிசி மூட்டையை வண்டியிலிருந்து நானே இறக்குகிறேன். சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை, மருத்துவர் கவலைப்பட்ட அளவிலிருந்து கீழே வந்திருக்கிறது. அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, நானே மாற்றிக்கொண்ட சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூடத்தின் உணவுத் தாளுக்கு அதில் பங்கில்லை, அதை நான் இரண்டாம் வாரத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய், முன்பணமாக. சேர்ந்தபின் எக்காரணத்துக்கும் திருப்பித் தரமாட்டோம் என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ரசீதில் சரக்கு மற்றும் சேவை வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. இன்னும் பழைய விகிதத்தில் வசூலித்தால் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி வகுப்பில் பலரும் பேசிக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் டிர்செபடைடும், அதே ஆண்டு ஜூனில் எடைக்குறைப்புக்கான செமாகுளூடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தன. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதவை. அவை உண்மையாகவே எடையைக் குறைப்பவை. தசையையும் சேர்த்துக் குறைக்கக்கூடியவை என்பதால், ஊசி போட்டுக்கொள்பவருக்கு எடைதூக்கும் பயிற்சி மேலும் தேவைப்படும். ஈஸ்ட்ரோஜன் போன்றவற்றை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சையோ எடை குறைப்பதற்கான மருந்தன்று. காந்தலும் தூக்கமின்மையும் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், யாருக்குப் பொருந்தும், யாருக்குக் கூடாது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் பேசிப் பார்க்க வேண்டியது. கூடத்தின் மேலாளர் இவ்விரண்டையும் பற்றி உறுதியான கருத்துகள் வைத்திருக்கிறார். அவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

யார் சேரலாம் என்றால், எடை தூக்கிப் பழக்கமில்லாத, முதுகும் முழங்காலும் என்ன ஆகுமோ என்று தயங்கும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். தனியாகக் காணொளி பார்த்துச் செய்வதைவிட, தவறாகக் குனியும்போது முதுகில் கைவைத்துத் திருத்தும் ஒருவர் முதல் சில மாதங்களுக்கு இருப்பது நல்லது. ஏற்கெனவே பயிற்சி தெரிந்தவர்கள் அந்த ஒன்பதாயிரத்தில் ஒரு ஜோடி டம்பெல்லும் ரப்பர் பட்டைகளும் வாங்கிவிட்டு, மீதியில் மருத்துவமனையின் உணவியல் நிபுணரை ஓரிரு முறை பார்த்து வரலாம். 10 கிலோ குறைய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவர்களுக்கு இந்தத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று: உணவுத் தாளும் பொடியும் வாட்ஸ்அப் குழுவும் இல்லாமல், பயிற்சி வகுப்புக்கு மட்டும் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்ற தனிக் கட்டணமும் அங்கே உண்டு. விலைப் பலகையில் அது இருக்காது. வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். நான் இப்போது அதில்தான் தொடர்கிறேன், காலை ஆறு மணி வகுப்பில்.